பக்கத்துக் கட்டில்காரர் எப்படி இருக்கிறார்?

அம்மா பாவாத்தாள் ஆவணி மாதம் கணையப் புற்றுநோயில் இறந்தார். கடைசி வாரம் வரை மருத்துவரிடம் ஒருமுறைகூட "பரவாயில்லீங்க" என்று சொல்லவில்லை. எங்கே வலி, எப்படிப்பட்ட வலி, எந்த மருந்துக்குப் பிறகு கூடியது என்று சொன்னார். எங்கள் ஊரில் இது அபூர்வம்.

கோவையில் ஒரு மருந்து ஆய்வு மையத்தில் அவர் செவிலியராக இருந்தார். நோயில்லாதவர்கள் தாமாக முன்வந்து சில நாட்கள் அங்கே தங்குவார்கள். தனித்தனியே புழக்கத்தில் உள்ள இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். ரத்த அழுத்தத்தைக் கருவி சொல்லிவிடும். தலைசுற்றலை ஆள்தான் சொல்ல வேண்டும். நானும் அந்தத் துறையில் புள்ளிவிவரம் பார்ப்பவன். சொல்லாத தொந்தரவு எங்கள் கணக்கில் இல்லாத தொந்தரவு.

கொங்கு ஆட்கள் லேசில் சொல்ல மாட்டார்கள். மூன்று வேளை சோறு போட்டுப் போர்வை மாற்றித் தருகிற இடத்தில் 'உங்க மாத்திரை ஒத்துக்கலை' என்பது, விருந்துக்குப் போன வீட்டில் குழம்பைக் குறை சொல்வது போல.

துக்கம் கேட்க வந்த யாகூப் ஒன்று சொன்னார். போத்தனூரில் தையல் கடை வைத்திருப்பவர். ஒரு முறை அந்த மையத்தில் தங்கியவர். அப்போது ரத்த அழுத்த மாத்திரையையும், வயதான ஆண்களின் சிறுநீர் அடைப்புக்கான மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலை மருந்தின் அளவைக் கூட்டுவதாக ஏற்பாடு. அடுத்த கட்டிலில் அங்கப்பன். தொண்டாமுத்தூரில் தேங்காய் லோடு வண்டி ஓட்டுபவர்.

"ஏனுங்க அங்கப்பன், உடம்பு எப்படி இருக்குதுங்க?" என்று அம்மா கேட்டிருக்கிறார்.

"கும்முன்னு இருக்கறனுங்க சிஸ்டர்."

எழும்போது அவர் கட்டில் கம்பியைப் பிடித்ததை அம்மா பார்த்திருந்தார். அவரிடம் மேலே கேட்கவில்லை. யாகூப் பக்கம் திரும்பினார்.

"பக்கத்துக் கட்டில்காரர் எப்படி இருக்கறாருங்க?"

"அவருங்களா? பாத்ரூமுக்குச் செவுத்தைக் கட்டிப் புடிச்சுட்டுப் போறாரு. எனக்குங்கூடக் கண்ணு இருட்டுச்சு. ஆனா அவராட்டம் நான் ஆடலைங்க!"

"ஏனுங்க தையக்காரரே, நீங்க பாதி வழியில உக்காந்துபோட்டதை நான் சொன்னனுங்களா?" என்றார் அங்கப்பன்.

வார்டே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அங்கப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"என்னால உங்க வேலை கெட்டுப்போகுமுங்களே. எழுதிப்போடாதீங்க சிஸ்டர்."

"உங்களுக்குப் புடிக்கக் கட்டில் இருக்குது, பாக்க நாங்க இருக்கறோம். நாளைக்கு இதைச் சேத்துத் திங்கப்போறது எழுபது வயசுக்காரங்க. ஊட்டுல தனியா எந்திரிக்கறப்ப அவங்க எதைப் புடிப்பாங்க? நல்லாருக்கறேன்னு கேக்கறதுக்கா உங்களைக் கூட்டியாந்தோம்?"

"எங்கய்யனுக்கும் அந்த வயசுதானுங்க" என்றார் அங்கப்பன். பிறகு எல்லாம் சொன்னார்: நின்றால் கண் இருட்டுகிறது, காது அடைக்கிறது, கை சில்லிடுகிறது.

மருத்துவர் லோகப்பிரியா உடனே வந்து எல்லோரையும் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அளந்தார். நின்றதும் பலருக்கு அழுத்தம் இறங்கியது. வழக்கமாக அளக்கும் நேரங்களில் அது சிக்கவில்லை. மறுநாள் மருந்தைக் கூட்டவிருந்ததை அப்போதே நிறுத்தினார்.

திறந்த வாயை அங்கப்பன் மூடவில்லையாம். ரசம் சப்பென்று இருக்கிறது, ஃபேன் கத்துகிறது, தையல்காரர் குறட்டையில் மனிதன் தூங்க முடியாது.

"அப்படிச் சொல்லுங்க" என்று அம்மா ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம்.