அரோகரா சொல்லக் கூடாத வெல்டிங் கரத்தை

1. தண்டு ஒடிந்தது

தொண்ணூற்றேழாம் ஆண்டுச் சிறுபோகம். அக்கராயனுக்கு அங்கால் ஒரு சின்னக் குளம். அதன் கீழே நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளே திரண்டு வெளியே வரப் போகிற நேரம் அது. அப்போது தண்ணீர் கிடைக்காவிட்டால் பதர்தான் மிஞ்சும். அப்படியொரு காலையில் செல்லம்மாக்கா எங்கள் கராச் வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"தம்பி, தொருசு ஒடிஞ்சிருச்சு. சக்கரத்தச் சுத்துனா சும்மா சுத்துது. ஒரு சொட்டுத் தண்ணி வரல."

செல்லம்மாக்கா மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறியவர். வாய்க்கால் முடிகிற இடத்தில் அவருக்கு ஒரு துண்டு வயல். அதைவிட்டால் வேறு வருமானம் இல்லை. குளத்தில் தண்ணீர் முட்ட நின்றது, வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

நான் உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டு, பல்கலைக்கழகம் போக, போரால் மூடிய பாதை திறக்கும்வரை சும்மா இருக்க முடியாமல் தில்லையண்ணையின் கராச்சில் சேர்ந்திருந்தேன். தில்லையண்ணை என்னை "எஞ்சினியர்" என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை ஒரு துளியும் கிடையாது. என்னோடு வேலை செய்தவன் யூட். முல்லைத்தீவுக் கரையோரத்துப் பெடியன், வீட்டில் எல்லோரும் கரைவலைக்காரர். கடல் தொழில் படுத்துவிட்டதால் இரும்புக்கு வந்தவன்.

மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். குளத்து மதகைத்தான் துருசு என்போம். அதன் கதவைத் தூக்குகிற இரும்புத் தண்டு நடுவில் முறிந்திருந்தது. மேல் துண்டு கையோடு வந்துவிட்டது. கீழ்த்துண்டோ கதவோடு சேர்ந்து தண்ணீருக்குள் நின்றது, தலை மாத்திரம் வெளியே தெரிந்தது. இரண்டையும் கிளாம்ப் போட்டு இறுக்கி இழுத்தோம், வழுக்கியது. வெல்டிங்தான் வழி. ஆனால் எங்கள் வெல்டிங் பிளாண்ட், அதை ஓட்டுகிற மண்ணெண்ணெய் இஞ்சினோடு சேர்த்துக் கராச்சின் சீமெந்து நிலத்தில் போல்ற் போட்டு இறுக்கியபடி இருந்தது.

தில்லையண்ணை செல்லம்மாக்காவைப் பார்த்துச் சொன்னார்: "குளத்தைத் தூக்கிக்கொண்டு வாங்கோ. ஒட்டித் தாறன்."

"தூக்கிருவேங்க. பிடிக்க ஆளு வேணும்" என்றார் அவர், சிரிக்காமல்.

ட்ரக்டர் பெட்டியில் ஏற்றலாமே என்று நீங்கள் கேட்கலாம். போர்க்காலத் தடையால் டீசல் கண்ணால் காணக் கிடைக்காத காலம் அது. கிடைத்தாலும் பயனில்லை. குளக்கட்டு மழைக்கு அரித்து, மேலே ஒடுங்கிய பாதைதான் மிச்சம் இருந்தது. ட்ரக்டர் ஏறினால் நேராகக் குளத்துக்குள்தான் இறங்கும்.

"அண்ணை, பிளாண்டைக் கொண்டுபோவம். ஒரு கரத்தை செய்வம், கையாலை இழுக்கிற வண்டில்" என்றேன்.

"எதாலை?"

"கிடக்கிறதாலை."

2. கிடக்கிறதாலை

இரும்புக்குத் தடை, ரயருக்குத் தடை, ரியூப்புக்குத் தடை. ஆனால் கிடக்கிறதற்கு ஒரு தடையும் இல்லை என்பதை அந்தக் கிழமைதான் கண்டுபிடித்தேன். ஊரைச் சுற்ற வெளிக்கிட்டால் போதும், ஒவ்வொரு வளவிலும் ஒரு கரத்தையின் ஒவ்வொரு துண்டு ஒளிந்திருந்தது.

சட்டத்துக்கு ஒரு பழைய இரும்புக் கட்டில் கிடைத்தது. சில்லுகளை ஒரு ஏ-40 காரிலிருந்து எடுத்தோம். இஞ்சின் இல்லாத அந்தக் கார் வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. அதன் பின்சீற்றில் கோழிகள் அடைகிடந்தன. சொந்தக்காரர் சில்லைத் தரச் சம்மதித்தார், கோழி எழும்பக் கூடாது என்ற நிபந்தனையோடு. யூட்டும் நானும் காரின் பின்பக்கத்தைக் கட்டையில் ஏற்றி, ஒரு முட்டையும் உருளாமல் சில்லுகளைக் கழற்றினோம். நான் செய்த மிக நுட்பமான வேலை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ரியூப் இல்லை. ரயருக்குள் வைக்கோலை நனைத்து, திணித்து, அடித்து இறுக்கினோம். அச்சுக்கு, பாழாய்ப்போன குழாய்க்கிணற்றின் பைப். போல்ற்றுகளுக்கு யூட் மாங்குளம் வரை சைக்கிள் மிதித்து, றெயில்பாதை இருந்த இடத்தில் பொறுக்கிக்கொண்டு வந்தான். ஒவ்வொன்றும் மரவள்ளிக் கிழங்கு பருமன்.

ஒரு சிக்கல் மட்டும் எங்களை விடாமல் பிடித்தது. வெல்டிங் கம்பி ஒரு கைப்பிடிதான் மிச்சம். கரத்தையை ஒட்டி முடித்தால் தண்டுக்குக் கம்பி இராது. ஆகவே சில்லின் நடுக் கும்பத்தை அச்சில் ஒட்டியதைத் தவிர, மற்ற எல்லாவற்றையும் துளைத்துப் போல்ற் போட்டோம். கைத்துறப்பணத்தால் துளைத்துத் துளைத்து என் உள்ளங்கை தேய்ந்துவிட்டது.

"கரத்தை ஏறப்போற பிளாண்டாலையே கரத்தையை ஒட்டுறம்" என்று யூட் சிரித்தான். "தன்ரை தேரைத் தானே செய்த சாமி இதுதான், மச்சான்."

3. ஒடுக்கமோ, அகலமோ

குளக்கட்டின் பாதையை நான் நூல் பிடித்து அளந்து, அதற்கு அளவாக அச்சை ஒடுக்கமாக வெட்டினேன். கணக்குச் சரி. மண்மூட்டை ஏற்றி, யூட்டை மேலே இருத்தி, ஒழுங்கையில் இழுத்துப் பார்த்தோம்.

ஒழுங்கையில் காலங்காலமாக மாட்டு வண்டில்கள் ஓடி இரண்டு பள்ளத் தடங்கள் விழுந்திருந்தன. எங்கள் ஒடுக்கக் கரத்தையின் ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கியது. மற்றது நடு மேட்டில் ஏறியது. கரத்தை ஒரு பக்கம் சரிந்து, யூட் செவ்வரத்தை வேலிக்குள் போய் விழுந்தான். தலையில் ஒரு பூவோடு எழும்பினான்.

அன்று பின்னேரம் கராச்சில் பெரிய சண்டை. வண்டில் தடத்துக்கு அளவாக அகலமாகச் செய்ய வேண்டும் என்றான் யூட். அகலமாகச் செய்தால் குளக்கட்டில் போகாது என்றேன் நான். பார்க்க வந்தவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். தில்லையண்ணைக்குத் தலையிடி வந்துவிட்டது.

"ரெண்டையும் செய்யுங்கோவன்! ஒழுங்கைக்கு ஒண்டு, கட்டுக்கு ஒண்டு! நல்ல நாளுக்கு ஒரு வேட்டி, வயலுக்கு ஒரு சாரம் எண்டு மாத்தி மாத்திக் கட்டுவம்!"

அவர் சொன்னது நக்கலுக்கு. எனக்குப் பொறி தட்டியது.

"அண்ணை, மாத்திக் கட்டுவம்!"

"என்னடாப்பா?"

இன்னொரு பெரிய பைப்பைச் சட்டத்தின் கீழே நிரந்தரமாகப் பூட்டினோம். சில்லு ஒட்டிய பழைய அச்சை நடுவில் வெட்டிச் சின்னப் பைப் ஆக்கினோம். பெரிய பைப்புக்குள் இரு பக்கத்தாலும் சின்னப் பைப் ஓடும். சில்லு சின்னப் பைப்பின் நுனியில் இருக்கும். வெளியே இழுத்து முளை போட்டால் வண்டில் தடத்துக்கு அகலம், உள்ளே தள்ளி முளை போட்டால் குளக்கட்டுக்கு ஒடுக்கம். தில்லையண்ணை குனிந்து பார்த்தார், முளையைக் கழற்றிப் பூட்டினார், இன்னொருமுறை கழற்றினார்.

"நான் அப்பவே சொன்னனான்தானே" என்றார்.

4. தேர் இழுப்பும் வலை இழுப்பும்

பிளாண்டும் இஞ்சினும் ஏறிய கரத்தை ஒழுங்கையில் அழகாக ஓடியது. ஊரே கயிற்றில் நின்றது. குளக்கட்டின் அடிக்கு வந்ததும் அச்சை ஒடுக்கினோம். இனி ஏற்றம்.

முன்னால் இரண்டு கயிறு, இரண்டிலும் ஆட்கள். சில்லுக்குப் பின்னால் அணைக்கக் கட்டையோடு நான். "ம்… ம்…" என்று இழுத்தார்கள். கரத்தை ஏறியது. முன் விளிம்பு கட்டின் உச்சியைத் தொட்டதுதான் தாமதம், யாரோ ஒருவர் ஆனந்தம் தாங்காமல் கூவினார்:

"அரோகரா!"

"அரோகரா!" என்றது கூட்டம். சொன்னதோடு எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்கள்.

கயிறு நிலத்தில் கிடந்தது.

நான் கட்டையைப் போட்டேன். சில்லு அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. பாய்ந்து விலகினேன். கரத்தை பின்னோக்கி இறங்கியது. கயிற்றை விடாதவர் ஒரே ஒருவர், தில்லையண்ணை. அவருடைய பிளாண்ட் அல்லவா! வயிறு நிலத்தில் தேய, அவரும் கரத்தையோடு கீழே வந்தார். அடிவாரத்தில் இருந்த புற்றில் முட்டி எல்லாம் நின்றது. பிளாண்டுக்கு ஒன்றுமில்லை. தில்லையண்ணைக்குச் சாரம் மட்டும் கிழிந்தது.

"ஆர் அரோகரா சொன்னது?" என்று எழும்பிக் கேட்டார்.

எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். யூட் மெதுவாக, "நானில்லை அண்ணை. நான் மாதா கோயில் வேதக்காரன்" என்றான். அந்த இடத்தில் சிரிப்பு வெடித்தது, தில்லையண்ணையும் சிரித்துவிட்டார்.

"அரோகரா சொல்லுங்கோ, கையை மட்டும் எடுக்காதேங்கோ" என்றேன்.

"அது எப்பிடி தம்பி?" என்றார் செல்லம்மாக்கா. "வாய் சொன்னா கை தானா மேல போயிரும். நம்ம கையிலயா இருக்கு?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போதுதான் யூட் முன்னுக்கு வந்தான். தேர் இழுக்கிறவர்கள் ஒரு மூச்சு இழுத்து நிறுத்துவார்கள். கரைவலையில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் கடல் வலையைத் திருப்பி எடுத்துவிடும் என்றான். ஒரு கை பிடிக்க, மறு கை மாற வேண்டும். அந்தக் கைமாற்றுக்குத்தான் அம்பாப் பாட்டு. அவன் அடி எடுத்துக் கொடுத்தான், மற்றவர்கள் பதில் சொன்னார்கள்.

"தண்டு ஒடிஞ்சு போச்சுதடி" — "ஏலையா ஏலோ!"

"தண்ணி நிண்டு பாக்குதடி" — "ஏலையா ஏலோ!"

"தில்லையண்ணை சாரத்திலை" — "ஏலையா ஏலோ!"

"தென்றல் வந்து வீசுதடி" — "ஏலையா ஏலோ!"

தில்லையண்ணை கிழிசலைப் பொத்திக்கொண்டு, தானும் "ஏலையா" சொன்னார். கரத்தை ஒரு இடத்திலும் நிற்காமல் கட்டில் ஏறி, துருசுவரை பாட்டிலேயே வழுக்கிக்கொண்டு போனது. கடலையே காணாத உழவர்கள் கரைவலைக்காரர் மாதிரி இழுத்தார்கள். கட்டை போட எனக்கு வேலையே வரவில்லை.

5. பிடித்தது, ஆனால் ஏறவில்லை

வெல்டிங் கம்பிகள் ஈரம் பிடித்திருந்தன. ஈரக் கம்பியால் ஒட்டினால் ஒட்டுக்குள் ஓட்டை விழும். செல்லம்மாக்கா கட்டின் மேலேயே மூன்று கல் வைத்து, தாச்சி ஏற்றி, கம்பிகளைப் பிரட்டிப் பிரட்டி வறுத்தார்.

"போதுங்களா தம்பி? மொளகானா இந்நேரம் தும்மல் வந்திருக்கும். இது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே."

தண்டின் இரு முனைகளையும் அரத்தால் சரிவாக அராவி, ஆங்கிள் இரும்பை அணைத்துக் கட்டி நேர் பார்த்தேன். யூட் இஞ்சினைச் சுழற்றினான், அது இருமி இருமிப் பிடித்தது. கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் நீலப் பொட்டைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி ஒட்டினேன். ஒட்டு நன்றாக வந்தது. சந்தோசத்தில், பலமாக இருக்கட்டும் என்று மேலே இன்னொரு சுற்றும் போட்டேன். கம்பி முடிந்தது.

ஆறவிட்டுச் சக்கரத்தைத் திருகினோம். தண்டு அசைந்தது. வாய்க்காலில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. எல்லோரும் கூவினார்கள். பிறகு சக்கரம் நின்றுவிட்டது.

நான் போட்ட மேலதிகச் சுற்று! தண்டு மேலே போகிற துவாரத்துக்குள் அந்தக் கொழுத்த ஒட்டு நுழையவில்லை.

"எஞ்சினியர் தண்டுக்கு வயிறு வைச்சிட்டார்" என்றார் தில்லையண்ணை. "மாசமாக்கும்."

அராவுவதைத் தவிர வழியில்லை. பல் இருக்கிற அரம் ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. ஒருவர் கை ஓய, அடுத்தவர் வாங்கினார். செல்லம்மாக்காவும் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கினார்.

"தேயிலைக் கவ்வாத்துக் கத்தி தீட்டுன கைங்க இது. தள்ளுங்க."

அவர் அராவியபோதுதான் இரும்புத் தூள் மாவாகக் கொட்டியது. வெயில் சாய, திரும்பவும் திருகினோம். ஒட்டு துவாரத்தை உரசி, முனகி, மேலே போனது. கதவு முழுதாகத் திறந்தது. தண்ணீர் பொங்கிப் பாய்ந்தது. அதனோடு ஆட்களும் வாய்க்கால் வழியே ஓடினார்கள். பிளாண்டுக்குக் காவலாகத் தில்லையண்ணை மட்டும் நின்றார்.

6. மூடுங்க

எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் அன்றிரவுதான் ஒன்று உறைத்தது. கதவைத் திறந்து பார்த்தோம், மூடிப் பார்க்கவில்லை. இறங்குகிறபோது தண்டு முறிந்தால் கதவு பாதியில் நிற்க, குளம் முழுக்க ஓடிப்போகும். கதிர் முற்ற வேண்டிய கடைசித் தண்ணீருக்கு ஒன்றும் மிஞ்சாது. செல்லம்மாக்காவின் வயலுக்கு நானே செய்த கேடாகிவிடும். யூட்டிடம் சொன்னேன். "உனக்கு விசர்" என்றான். ஆனால் அவனும் அன்றிலிருந்து குளப்பக்கம் அடிக்கடி பார்த்தான்.

சில நாள் கழித்துச் செல்லம்மாக்கா கராச்சுக்கு வந்தார். முழங்கால் வரை சேறு.

"தம்பி, நம்ம கடைசி வயலுக்கும் வரப்பு முட்டத் தண்ணி ஏறிருச்சு. போதும். மூடுங்க."

சைக்கிளில் பறந்தோம். சக்கரத்தில் கையை வைத்தேன். எதிர்ப்பக்கம் யூட் பிடித்தான். மெல்ல, மெல்லத் திருகினோம். தண்டு துவாரத்துக்குள்ளால் எண்ணெய் போட்டது போல இறங்கியது. கீழே கதவு கல்லில் குந்துகிற சத்தம் 'டொம்' என்று கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது.

ஒட்டு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். திறக்கிற சாமானை ஒட்டினால், மூடியும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். வெல்டிங் வேலைக்கு எனக்கு எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஆனால் "போதும், மூடுங்க" என்று செல்லம்மாக்கா சொன்னதைப் போல் எதுவும் இனித்ததில்லை.