மண்டபத்துக்குப் போன கோடை

போன மாதம் மதுரையிலிருந்து காரைக்குடிக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். திருப்பத்தூர் தாண்டியதும் முன் இருக்கையில் இருந்த சின்னப் பையன் வாந்தி வருகிறது என்று முனகினான். அவன் அம்மா பைக்குள் துழாவி ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் தோலைக் கீறி, அவன் மூக்கடியில் பிடித்தாள். அந்த வாசனை அவனுக்கு எவ்வளவு உதவியதோ தெரியாது. எனக்குக் கண் கரித்தது. எலுமிச்சம்பழத்துக்கெல்லாம் கலங்குகிற வயசு வந்துவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது ஒரு கோடையில் இதே மாதிரி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே காரில் போயிருக்கிறேன். அறுபதுகளின் கடைசி. எங்கள் அப்பச்சி காரைக்குடியில் ஓர் இரும்புக்கடையில் வேலை பார்த்தார். எங்கள் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவோம். அப்பச்சி எங்களை வெளியூர் கூட்டிப்போனதாகச் சரித்திரமே கிடையாது. கோடை விடுமுறை என்றால் அண்ணனும் நானும் அடித்துக்கொள்வதும், ஆத்தா வந்து இருவரையும் அடிப்பதும்தான். அப்படிப்பட்ட வீட்டு வாசலில் ஒரு காலையில் கறுப்பு அம்பாசிடர் ஒன்று வந்து நின்றது. கீழச்சிவல்பட்டியில் இருந்த பெரியப்பச்சி, அதாவது அப்பச்சியின் அண்ணன், அவருடைய கார். ஓட்டிவந்தவர் கருப்பையா.

"மண்டபம் போறோம். தீவு பாக்கப் போறோம்" என்றார் அப்பச்சி. சொல்லிவிட்டு, என்னவோ தப்புச் செய்தவர் மாதிரி உள்ளே போய்விட்டார்.

முன் சீட்டு யாருக்கு என்று நான் சண்டைக்குத் தயாரானேன். அண்ணனுக்குப் பதின்மூன்று வயசு, என்னைவிடப் பலசாலி. ஆனால் அவன் தானாகவே பின்னால் போய் ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். என் முறைப்புக்குப் பயந்துவிட்டான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த வயசில் எனக்கு என்னைப் பற்றி ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தெற்கே திரும்பினோம். தேவகோட்டை தாண்டியதும் வெயில் ஏறியது. ரோட்டின் இரண்டு பக்கமும் பனை, செம்மண், மறுபடியும் பனை. எனக்குக் குமட்டியது. ஆத்தா பின்னாலிருந்தே கையை நீட்டி எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்தாள். பழத்தை என் கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இராமநாதபுரம் போகிறவரை அவள் கை என் முகத்தருகில்தான் இருந்தது. வளையல் கன்னத்தில் இடிக்கிறது என்று நான் சிணுங்கினேன்.

முதல் நாள் ராத்திரி வழியில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். அந்தச் சத்திரத்தில் இரண்டு கட்டுகள், நடுவில் ஒரு கிணறு, எங்களைத் தவிர ஆள் கிடையாது. தண்ணீர் உப்புக் கரித்தது. ஆத்தா கொண்டுவந்த புளியஞ்சோறும் வத்தலும் அவ்வளவு ருசியாக இருந்தன. அப்பச்சி தன் பங்கு வத்தலை என் இலைக்குத் தள்ளினார். அண்ணனும் தள்ளினான். எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் வத்தல் இருக்கும்போது யார் யோசிப்பார்கள்?

மறுநாள் மண்டபம். கடற்கரையை ஒட்டி ஒரு முசாபரி பங்களாவில் இறங்கினோம். பயணம் வருகிற அதிகாரிகளுக்காகக் கட்டிய பங்களா. யாரையோ பிடித்து அப்பச்சி இடம் வாங்கியிருந்தார். உயரமான கூரை, பிரம்பு நாற்காலிகள், அலமாரியில் நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டுகள். வாட்ச்மேன் எங்களைப் பார்த்துவிட்டு அந்தத் தட்டுகளைத் துடைத்து எடுத்து வைத்தார். நாங்கள் இலையில்தான் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் காலையில் பாய்மரப் படகில் தீவுக்குப் போனோம். அந்தத் தீவுக்கு என்ன பெயர் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆளில்லாத தீவு. வெள்ளை மணல், முள்புதர், கொஞ்சம் பனை. படகுக்காரர் ஒரு வயசான மனிதர். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடியில் பாசி அசைவது தெரிந்தது. நான் எட்டி எட்டிப் பார்த்தேன்.

"தம்பி, ரொம்பக் குனியாதீக. கடல் பாக்க நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

தீவில் ஆத்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். வீட்டில் அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்கு என் மேல் தண்ணீரை வாரி அடித்துச் சிரித்தாள். அண்ணன் பொறுக்கிய சிப்பியெல்லாவற்றையும் என் சட்டைப்பையில் போட்டான். இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். சும்மா கேட்டு வைத்ததுதான். அப்பச்சி உடனே, "இருப்போம்ப்பா. ஒனக்கு இல்லாததா" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கேட்டதெல்லாம் கிடைத்தால் பிள்ளைக்குப் பயம் வரும் என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எனக்கு ஏதோ நோய் என்று நினைத்துக்கொண்டேன். நான் சாகப்போகிறேன், அதனால்தான் வத்தலெல்லாம் எனக்குத் தருகிறார்கள் என்று தோன்றியது.

திரும்பும்போது படகின் ஓரத்தில் அண்ணனும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஆத்தாளும் அப்பச்சியும் மறுபக்கம், பாயின் நிழலில். நான் மெதுவாகக் கேட்டேன். "எனக்கு என்ன சீக்குடா?"

அவன் கடலைப் பார்த்தபடியே சொன்னான். "சீக்கெல்லாம் இல்ல. ஒன்னைய பெரியப்பச்சி வீட்டுல பிள்ளை கூட்டப்போறாக."

பிள்ளை கூட்டுவது என்றால் எங்கள் பக்கம் சுவீகாரம். பிள்ளையில்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைக் கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அவன் அந்த வீட்டுப் பிள்ளை. பிறந்த வீட்டுக்கு அவன் உறவுக்காரன். இது எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே அப்படிப் போனவர்கள் உண்டு.

"லீவுக்கு வருவேன்ல?"

"வருவ" என்றான். பிறகு, "விருந்தாளி வார மாதிரி" என்றான்.

நான் அழவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. நல்ல பிள்ளையாக இருந்தால் வைத்துக்கொள்வார்கள். பங்களாவுக்குத் திரும்பியதும் யாரும் சொல்லாமலே கால் கழுவினேன். நனைந்த துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டேன். எல்லோரும் சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினேன். அண்ணனுக்கு விசிறிகூட விட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆத்தா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அப்பச்சி வாசல்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் போனேன். "அண்ணனைவிட நான் கெட்டவனா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "கெட்ட பிள்ளைய யாருடா கேப்பாக? நல்ல பிள்ளையத்தான் கேப்பாக. ஒன்னையத்தான் வேணும்னாக."

என்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார், பாவம். நான் அன்று சாயங்காலம் முழுக்க உழைத்ததெல்லாம் எனக்கே எதிராக வேலை செய்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

மறுநாள் காலையில் அலமாரியைத் திறந்து ஒரு பீங்கான் தட்டை எடுத்தேன். நீலப்பூத் தட்டு. தாழ்வாரத்தில் நின்று தரையில் ஓங்கிப் போட்டேன். சத்தம் கேட்டு அப்பச்சி ஓடிவந்தார். அவர் பார்க்கும்படியாக இரண்டாவது தட்டையும் போட்டேன். மூன்றாவதையும் போட்டேன். அப்பச்சிக்கு அடிக்கக் கை சட்டென்று நீளும். ஒரு மதிப்பெண் குறைந்தால்கூட முதுகில் ஒன்று வைப்பார். அவர் அசையவில்லை.

"அடிக்க மாட்டீகளா?" என்று கத்தினேன். "அடிங்க!"

"ஒன்னைய அடிக்கிற பாத்தியதை எனக்கு இனிமே இல்லப்பா" என்றார்.

குந்தி உட்கார்ந்து உடைந்த ஓடுகளைப் பொறுக்கத் தொடங்கினார். வாட்ச்மேன் வந்தபோது, "என் கையிலதான் தவறி விழுந்துருச்சு" என்று சொன்னார். மூன்று தட்டும் ஒரே நேரத்தில் எப்படித் தவறும் என்று அந்த மனிதர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், போய்த் துடைப்பம் எடுத்துவந்தார்.

அடுத்த வாரம் கீழச்சிவல்பட்டியில் எல்லாம் முறைப்படி நடந்தது. பெரியப்பச்சி மடியில் என்னை உட்கார வைத்தார்கள். ஒன்பது வயசுப் பையனுக்கு மடி போதவில்லை. கால் இரண்டும் தரையில் இழுபட்டன. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆத்தாளைத் தேடினேன். பெண்கள் கூட்டத்துக்குள் எங்கோ இருந்தாள்.

பெரியப்பச்சி சம்சாரம் பெரியாத்தா கெட்டவள் இல்லை. இதை நான் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். "சாப்பிட்டியா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அதன் பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அந்த வீட்டில் எத்தனை அறைகள் என்று எண்ணத் தொடங்கி ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வரும். மத்தியானத்தில் இரண்டாங்கட்டில் நின்று கையைத் தட்டினால் முதல் கட்டு வரைக்கும் கேட்கும். பதிலுக்குத் தட்ட யாருமில்லை. சண்டை போடவாவது அண்ணன் இருந்தால் தேவலை என்று இருக்கும்.

ஆத்தா என்று பெரியாத்தாளைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் போய் நின்று, அவள் பார்க்கும்வரை காத்திருந்து பேசுவேன். இரண்டு வருஷம் இப்படியே ஓட்டினேன். ஒரு நாள் பகலில் நல்ல காய்ச்சல். நினைவில்லாமல் "ஆத்தா, ஆத்தா" என்று பிதற்றியிருக்கிறேன். பெரியாத்தா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். மாவுக்கையோடு என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "இங்கதான இருக்கேன், இங்கதான இருக்கேன்" என்று அழுதாள். நான் கூப்பிட்டது அவளை இல்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கலாம். எழுந்த பிறகு அவளை அப்படியே கூப்பிடத் தொடங்கினேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பெற்றவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பது அப்புறம் வந்த சிக்கல். முறைப்படி அவள் எனக்குச் சின்னாத்தா. பொங்கலுக்கு வந்திருந்தாள். "சின்னாத்தாளைக் கும்பிட்டுக்கப்பா" என்றார்கள். கும்பிட்டேன். அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை. "வாங்க" என்றேன். "சாப்பிட்டீகளா" என்றேன். பிறகு படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் ஆயிற்று. முப்பது வருஷத்துக்கு மேல் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசியிருக்கிறேன். முடியுமா என்று நினைப்பீர்கள். பழகினால் முடிகிறது.

கடைசிக் காலத்தில் அவளுக்குக் கண் தெரியாமல் போனது. ஒரு முறை காரைக்குடி வீட்டுக்குப் போய், கட்டிலருகில் நின்றேன்.

"ஆரு?" என்றாள்.

"நான்தான்."

"நாந்தான்னா ஆரு?"

மகன் என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. "கீழச்சிவல்பட்டியிலேருந்து வந்திருக்கேன்" என்றேன்.

அவள் கொஞ்சம் நகர்ந்து, கையால் தடவிப் பார்த்துக் கட்டிலில் இடம் விட்டாள். "வாங்க தம்பி" என்றாள். "இங்குட்டு உக்காருங்க."

உட்கார்ந்தேன். என் முகத்தைத் தடவவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த மாதம் போய்விட்டாள். கொள்ளி வைத்தது அண்ணன். நான் பங்காளிகளோடு வரிசையில் நின்றேன். அது சரியான இடம்தான், முறைப்படி.

இப்போது மண்டபத்திலிருந்து இராமேஸ்வரத்துக்குச் சாலைப் பாலமே இருக்கிறது, காரிலேயே போய்விடலாம். முசாபரி பங்களா இருந்த இடத்தைப் போன வருஷம் தேடினேன். வழி சொல்ல ஆளில்லை. கீழச்சிவல்பட்டி வீடு கைமாறி, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதியாகிவிட்டது. பிள்ளை கூட்டுவதும் குறைந்துவிட்டது. வீட்டுக்கு ஒன்று என்று பெற்று வைத்திருப்பவர்கள் எதைக் கொடுப்பார்கள்?

அண்ணனும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டான். நாங்கள் வளர்ந்த பிறகு அந்தக் கோடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசியிருந்தால் ஒன்று கேட்டிருப்பேன். தீவிலிருந்து படகு கிளம்பும்போது ஆத்தா ஏற மாட்டேன் என்று மணலில் உட்கார்ந்துகொண்டதாகவும், அப்பச்சி அவளைத் தூக்கி நிறுத்தியதாகவும் எனக்கு ஒரு நினைவு இருக்கிறது. அது நடந்ததா, நானாகப் பிற்பாடு சேர்த்துக்கொண்டதா என்று தெரியவில்லை. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம்.