பீரோவுக்குள் இருந்த மைக்ராஸ்கோப்புகள்

எங்கள் கல்லூரி சின்னதுதான், ஆனால் மைக்ராஸ்கோப்புகளுக்குக் குறைவில்லை. பிளாஸ்டிக் உறை பிரியாமல் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டி இருந்தன. உடன்குடியில் கருப்பட்டி வியாபாரத்தில் தொடங்கி, தூத்துக்குடியில் பெரிய ஆளான ஓர் அண்ணாச்சி தன் தாயார் நினைவாக வாங்கிக் கொடுத்தவை. தாயாரின் நினைவு நாளன்று வருடா வருடம் அவர் வந்து பார்ப்பார். அப்போது கீறல் இல்லாமல் புதுசாக இருக்க வேண்டும் என்பது விலங்கியல் துறை மேடத்தின் கொள்கை. சாவி அவருடைய கைப்பையிலேயே இருக்கும். அவர் போர்டில் வரைந்ததைப் பார்த்து நாங்கள் ரெக்கார்டில் வரைந்தோம். அதற்குப் பெயர் செய்முறை வகுப்பு.

பெரியதாழையிலிருந்து வந்த என் சிநேகிதிக்குக் கட்டணமும் விடுதிச் செலவும் அந்த அண்ணாச்சிதான் கட்டினார். நல்ல மனுஷர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பாடத்தில் அரியர் விழுந்தாலும் உதவி நின்றுவிடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவளுடைய அப்பா அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். உதவி நின்றால் படிப்பும் நின்றுவிடும். அவளுக்கோ முத்துச்சிப்பிக் குஞ்சு வளர்க்கிற ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். வேறு பேச்சே கிடையாது, சில நாள் எனக்கே சலித்துப்போகும்.

நாங்கள் இரண்டாம் வருடம் படிக்கும்போது வந்த நினைவு நாளன்று பீரோ திறந்தது. வெள்ளைக் கோட்டு மாட்டி எங்களை மைக்ராஸ்கோப்புகளுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். உதவி பெறுகிறவள் என்பதால் அவள் முன்வரிசையில். ஸ்லைடு வைக்கவில்லை, லைட்டும் போடவில்லை. "கை படாம குனிஞ்சு பாருங்க, போதும்" என்றார் மேடம். போட்டோ எடுத்து முடிந்ததும் அண்ணாச்சி அவள் பக்கத்தில் வந்தார்.

"என்னம்மா தெரியுது?"

அவள் மேடத்தை ஒரு தரம் பார்த்தாள். "முத்துச்சிப்பிக் குஞ்சு தெரியுது ஐயா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கம்மைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது" என்றார். உதவி செய்கிறவர் மனம் நோகப் பேசக்கூடாது என்றுதான் எங்களையெல்லாம் வளர்த்திருந்தார்கள். அவர் போனதும், "ஒரே இருட்டு ஏளா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த வருடச் செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பீரோவைத் திறக்கச் சொன்னார். ஸ்லைடை நாங்களே வைத்து, தெரிகிற மாதிரி திருகி, என்னவென்று சொல்ல வேண்டும். ஒருத்திக்கும் எதைத் திருகுவது என்று தெரியாது. எனக்கு ஏதோ அதிர்ஷ்டம், குருட்டாம்போக்கில் தெரிந்துவிட்டது. அவள் கண்ணை எடுக்காமலே பெரிய திருகைத் திருப்பி லென்சைக் கீழே இறக்கினாள். ஸ்லைடு உடைந்தது, லென்சில் கீறல் விழுந்தது. மேடம் ஓடிவந்து லென்சைத்தான் பார்த்தார். எக்ஸ்டர்னல் அவளை வெளியே போகச் சொல்லிவிட்டார். அரியர் விழுந்தது.

துறைமுகத்துக்குப் போகிற வழியில் அண்ணாச்சியின் ஆபீஸ். அவளோடு நானும் போனேன்.

"எங்கள அதத் தொட விட்டதே இல்ல ஐயா" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நாங்களும் அழுது கேட்டிருப்போம். சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இது நீதானம்மா? குஞ்சு தெரியுதுன்னு அன்னைக்குச் சொன்ன. இன்னைக்குத் தொட்டதே இல்லன்னு சொல்லுத. எது பொய்?"

"அன்னைக்குச் சொன்னது."

அவர் போட்டோவைப் பார்த்தபடியே கேட்டார். "எங்கம்மை நினைவு நாள்லயா பொய் சொன்ன?"

எல்லாரும்தான் ஐயா என்று நான் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அடுத்த வருட உதவி வேறொரு பெண்ணுக்குப் போனது. அந்த மேடத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை.

அவள் இப்போது இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறாள். ஐஸில் கிடந்து கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது. மாணவர் சேர்க்கை நேரத்தில் கல்லூரி ரோட்டோரம் பேனர் கட்டும். நவீன ஆய்வகம் என்று போட்டு, அதே போட்டோ. கம்பெனி வேன் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறது. போன வாரம் போனில் பேசும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏளா, இந்த வருசமும் நாந்தான் அங்கன படிச்சிக்கிட்டிருக்கேன்."