திருவேங்கடம் பஸ்ஸில் ஒரு நடுக்கம்

நரம்பியல் படிக்கும் டாக்டரான என்னை மூன்று மாதம் சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஊர் திரும்ப நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போக, திருவேங்கடத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் நசுங்கிக் கிடந்தேன். பக்கத்தில் ஒரு அண்ணாச்சி, அவருக்கு அந்தப் பக்கம் மனைவி.

அண்ணாச்சியின் வலது கை மாத்திரை உருட்டுவதுபோல் மடியில் நடுங்கியது. முகத்தில் அசைவே இல்லை. எனக்கு நோயின் பெயர் தெரிந்துவிட்டது.

"சட்டைப் பித்தான் போட அரைமணி நேரம் ஆக்குதாரு. சோம்பேறித்தனம், வேற என்ன?" என்று அந்த அக்கா ஊருக்கே கேட்கும்படி ஏசினார்.

கேட்காதவருக்கு நோயைச் சொல்லலாமா? எழுந்து போகவும் வழியில்லை, படிக்கட்டு வரை கூட்டம்.

"அக்கா, அது சோம்பேறித்தனம் இல்ல. நரம்புல வர்ற நோய் மாதிரி தெரியுது. மாத்திரை இருக்கு. நான் ஆஸ்பத்திரி டாக்டர்தான், நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருசமா ஏசுதேன். ஒரு வார்த்த சொல்லலியே நீரு?"

"நானும் சோம்பேறித்தனம்னுதாம்ட்டி நெனச்சேன்."

அதன்பிறகு சங்கரன்கோவில் வந்தும் என்னால் இறங்கவே முடியவில்லை. கண்டக்டர் உட்பட ஐந்து பேர், "என் கையையும் பாருங்க டாக்டர்" என்று கையை நீட்டிக்கொண்டு வழியை மறித்து நின்றார்கள்.

நாளைக்கு நான் எந்த பஸ்ஸில் போவது? யாராவது சொல்லுங்கள்.