விரல் படாத பெட்டி

சங்ககிரியில் லாரிகளுக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் உதிரிபாகம் கடையும் பட்டறையில்தான் அந்தக் கடைசல்காரரைச் சந்தித்தேன். அறுபது வயதிருக்கும். இமைகளில்கூட உலோகத் தூள் படிந்திருக்கும். எதைக் கடைந்து முடித்தாலும் அதன் ஓரங்களில் சுண்டுவிரலை ஓட்டிப் பார்ப்பார்.

என் ஆய்வுக்கு, உள்ளே குடைந்த ஒரு அலுமினியப் பெட்டி தேவைப்பட்டது.

"இதுக்குள்ள என்னங் சாமி வெப்பீங்க?"

"மைக்ரோவேவ் அலைங்க. கடுங்குளிர்ல வெச்சா கொஞ்ச நேரம் அழியாம நிக்கும். பக்கத்து இடுக்குல ஒரு சிப்பைச் சொருகுவோம். வேணுங்கறப்ப அலையை அந்தச் சிப்புக்கு விட்டுக்கலாம், வேண்டாங்கறப்ப அடைச்சுக்கலாம்."

"அப்ப வாய்க்கா மடையாட்டம்னு சொல்லுங்க" என்றார்.

முதல் பெட்டி கச்சிதமாக இருந்தது. ஆனால் உள்ளே அவர் விரல் ரேகை தெரிந்தது. விரல் பிசுக்கு அலையைத் தின்றுவிடும் என்று கோபித்துக்கொண்டு, கையுறையைக் கொடுத்து, இன்னொன்று செய்யச் சொன்னேன். அமிலத்தில் கழுவினாலே அது போய்விடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது பெட்டியில் இடுக்கு கோணியிருந்தது. சிப்பு நுழையாது. அதை நீட்டும்போது, கையுறைக்குள் அவர் சுண்டுவிரல் இடுக்கை நோக்கிப் போய், பாதியில் மடங்கிக்கொண்டது.

"சரியா இருக்குதுங்களா சாமி?"

அப்போதுதான் அவர் கண்களைப் பார்த்தேன். இரண்டிலும் வெண்படலம். இத்தனை காலமும் அவர் விரலால்தான் பார்த்திருக்கிறார்.

"இருக்குதுங்க" என்றேன்.

நம்பினாரா, தெரியவில்லை. கையுறையைக் கழற்றி, மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.