மூன்றாவது படம்

நத்தை ஆராய்ச்சியாளருக்கு உலகத்தில் ஒரே ஒரு வாசகர்தான். அவரும் ஆய்விதழின் பெயர் சொல்லாத மதிப்பீட்டாளராக இருந்து, பதினோரு வருடம் இவர் கட்டுரைகளை வறுத்தெடுத்தவர். "மூன்றாவது படத்தில் அளவுக்கோடு எங்கே?" என்ற சிடுசிடுப்பை வைத்தே இவர் ஆளைக் கண்டுபிடித்திருந்தார். அந்தத் திட்டுக்காகவே, நத்தையின் அளவைக் காட்டும் அந்தக் கோட்டை ஒவ்வொரு முறையும் போடாமல் விட்டுவிடுவார். போன மாதம் அந்த மனிதர் இறந்துபோனார்.

இன்று, மதிப்பிடத் தகுந்த ஒருவர் பெயரைத் தராமல் கட்டுரையை வாங்கமாட்டேன் என்கிறது இதழின் படிவம். தங்கையிடம் போனில் புலம்பினார்.

"உன் நத்தையத் தெரிஞ்சவங்க வேற யாருமே இல்லையாண்ணா?"

"திட்டக்கூட ஆள் இல்லம்மா."

"நான் திட்டறேன். முதல்ல போய்ச் சாப்பிடு."

போனை வைத்துவிட்டு மூன்றாவது படத்தைத் திறந்தார். அளவுக்கோட்டைத் தானே போட்டார். பெயர்க் கட்டம் காலியாகவே இருந்தது.