முதல் கூடை

அம்சவள்ளிக்கு நாற்பத்து நாலு வயது. அதில் இருபத்தைந்து வருஷம் மரக்காணம் உப்பளத்தில் போனது, கடைசி இரண்டு வருஷம் கோழிக் கம்பெனியில் போனது. உப்பளத்தைப் பற்றிக் கேட்டால் வாய் ஓயாமல் பேசுவாள். கம்பெனியைப் பற்றிக் கேட்டால் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவாள், அடுப்பு எரியாவிட்டாலும்.

உப்பளத்தில் அவள்தான் முதல் கூடை. வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரப்பின் மேல் வரிசையாகப் போவார்கள். வரப்பு ஒற்றையடி அகலம்தான். முன்னால் போகிறவளை முந்த முடியாது, நடுவில் நின்றால் பின்னால் வருகிறவள் மேலே வந்து இடிப்பாள். அதனால் முதல் கூடை எந்த வேகத்தில் போகிறதோ அதுதான் வரிசைக்கே வேகம். அம்சவள்ளியின் நடை நடையல்ல, ஓட்டம். அவளுக்கு அடுத்த கூடை எப்போதும் மலர்கொடியுடையது. பத்து வயது இளையவள், அடுத்த தெருக்காரி. அம்சவள்ளியின் குதிகாலைப் பார்த்தபடியே பதினைந்து வருஷம் நடந்தவள். இப்படி ஓடினால் வெயில் தலைக்கு ஏறுவதற்குள் உப்பு கரையேறிவிடும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். வேகமாகச் செய்தால் சீக்கிரம் முடியும் என்பது அவள் உடம்பில் ஊறிப்போன கணக்கு. பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் அந்தக் கணக்குதான் காரணம்.

மழைக்காலத்தில் உப்பளம் ஏரி மாதிரி கிடக்கும், வேலை இருக்காது. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் திண்டிவனம் ரோட்டில் இருக்கும் கோழிக் கம்பெனியின் வேன் ஊருக்குள் வந்தது. அம்சவள்ளி ஏறினாள், மலர்கொடி ஏறினாள், இன்னும் நாலு பெண்கள் ஏறினார்கள். உள்ளே போனால் ஒரே குளிர். காலமெல்லாம் வெயிலில் வெந்தவர்கள் அல்லவா, ஏசியில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். அந்தக் குளிர் கோழிக்குத்தான், தங்களுக்கல்ல என்பது மதியத்துக்குள் விரல்கள் மரத்துப்போனபோது தெரிந்தது.

வேலை இதுதான். பெல்ட்டில் கோழித்தொடை வந்துகொண்டே இருக்கும். வலது கையில் கத்தி, இடது கையால் தொடையைப் பிடித்து எலும்பிலிருந்து கறியை அறுத்தெடுக்க வேண்டும். இடது கைக்கு இரும்பு வலையில் பின்னிய ஒரு கிளவுஸ் கொடுத்திருந்தார்கள். ஆம்பிளைக் கைக்கு அளவெடுத்தது போல, பெண்கள் விரல் அதற்குள் தொளதொளத்தது. கொழுப்பு ஒட்டும், வழுக்கும், ஐஸ்கட்டியைக் கட்டிக்கொண்டது போல இருக்கும்.

முதல் நாள் அம்சவள்ளி தன் வழக்கப்படி விட்டாள் பாருங்கள் ஒரு ஓட்டம். அவள் கையைப் பார்த்து மற்றவர்கள் கையும் ஓடியது. மூன்று மணிக்கெல்லாம் அன்றைய கோழிப் பெட்டிகள் காலி. ஆறு பேரும் கையைக் கழுவிக்கொண்டு, சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு, வேன் எங்கே என்று வாசலில் வந்து நின்றார்கள். மேனேஜர் சிவப்பிரகாசம் வெளியே வந்து பார்த்தவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அவர்களை உள்ளே அனுப்பி, இன்னொரு லோடு கோழியை இறக்கச் சொன்னார். மறுநாளாவது புத்தி வந்ததா? இல்லை. எவ்வளவு கோழிதான் இருக்கும், ஒரு நாள் தீராமலா போகும் என்று இன்னும் வேகமாக அறுத்தாள். பத்தே நாளில் மேனேஜர் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார். மரக்காணத்துப் பெண்களால் முடிகிறது என்றால் மற்றவர்களால் ஏன் முடியாது என்று மொத்தக் கம்பெனிக்கும் அதே வேகம் வைத்தார். அம்சவள்ளிக்கு நீலத் தொப்பி கொடுத்து லைன் லீடர் ஆக்கினார். மற்றவர்களுக்கெல்லாம் வெள்ளைத் தொப்பி. அந்த நீலத் தொப்பியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து கணவன் தனக்கோடிக்குப் போட்டுக் காட்டினாள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறதாம்.

வெயில் காலம் வந்து மற்ற நாலு பேரும் உப்புக்குத் திரும்பியபோது, தொப்பிக்காக அம்சவள்ளி கம்பெனியிலேயே நின்றாள். அவள் நின்றதால் மலர்கொடியும் நின்றாள்.

பெல்ட் வேகமானதும் மலர்கொடிதான் பின்தங்கினாள். கிளவுஸுக்குள் அவள் விரல் நிற்கவில்லை. தொடைகள் அவள் முன்னால் குவிந்தன. மேனேஜர் தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்சவள்ளிக்கு மானம் போனது.

"அத கழட்டி வச்சிட்டு செய்டி," என்றாள். "உப்புல வெறுங்கால்ல நடந்தவதான நீ? ஆபீசர் யாராச்சும் வந்தா போட்டுக்கலாம்."

மலர்கொடி கழற்றினாள். அம்சவள்ளி சொல்லி அவள் எதைத்தான் செய்யாமல் இருந்திருக்கிறாள்? ஒரு வாரத்தில் எல்லோரும் கழற்றிவிட்டார்கள். ஆபீசர் வரும் நாளில் மட்டும் எல்லோர் கையிலும் கிளவுஸ் பளபளத்தது.

இந்த வருஷம் பொங்கல் கழிந்த வாரம் கறிக்குக் கிராக்கி. காலையிலிருந்து பெல்ட் நிற்கவில்லை. மரத்துப்போன கையில் கத்தி இறங்கியது மலர்கொடிக்கே தெரியவில்லை. அவள் பாட்டுக்கு அடுத்த தொடையை எடுத்தாள். பெல்ட்டில் இரத்தத்தைப் பார்த்துக் கத்தியது பக்கத்தில் நின்றவள். பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அம்சவள்ளியின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. நிறுத்தினால் நிறுத்தியவள் பெயரைப் போர்டில் எழுதுவார்கள். அவள் நிறுத்தவில்லை. மலர்கொடியின் கையில் துணியைச் சுற்றி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, பக்கத்து மேசைக்காரியைப் பார்த்து, "நீ இங்க வந்து நில்லு," என்றாள். இதை யாரும் அவளிடம் குற்றமாகக் கேட்டதில்லை. யாரும் கேட்காததுதான் அவளைத் தின்கிறது.

மலர்கொடிக்கு இடது கையில் இரண்டு விரலுக்கு நரம்பு அறுந்துவிட்டது. தையல் போட்டார்கள், விரல் மடங்கவில்லை. மேனேஜர் அம்சவள்ளியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதற்கு முன் அவளை அவர் உட்காரச் சொன்னதே கிடையாது. ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டினார். பலமுறை எச்சரித்தும் மலர்கொடி தானாகவே கிளவுஸைக் கழற்றிவிட்டாள் என்று அதில் இருந்தது. கொஞ்சம் பொய்தான், பாதி உண்மை, கழற்றியது அவள் கைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அம்சவள்ளி கையெழுத்துப் போட்டாள். அந்தக் காகிதம் நின்றால் மலர்கொடிக்கு நஷ்டஈடு கிடையாது என்பது அவளுக்குப் பிறகுதான் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டாளா என்றால், அதையும் அவளால் சத்தியம் செய்து சொல்ல முடியாது.

மலர்கொடி சண்டைக்கு வரவில்லை, யாரிடமும் புலம்பவும் இல்லை. ஒன்றே ஒன்று செய்தாள். அவள் மகள் பூவிழி நாலாம் வகுப்பு படிக்கிறாள், இடுப்பு வரை முடி. ஒற்றைக் கையால் மகளுக்குப் பின்னல் போட முடியவில்லை. அதனால் தினமும் காலையில் சீப்பையும் ரிப்பனையும் கொடுத்து அம்சவள்ளி வீட்டுக்கு அனுப்பினாள். வேன் வருவதற்கு முன் அம்சவள்ளி இரட்டைப் பின்னல் போட்டுவிடுவாள். மூன்று பிரியாக முடியைப் பிரித்துப் பின்னும்போது தன் பத்து விரலும் தன் கண்ணெதிரே மடங்கி மடங்கி நிமிரும். பின்னல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று ஏங்க ஆரம்பித்தாள்.

ஆடி மாதம் விழுப்புரம் லேபர் ஆபீசில் மலர்கொடியின் நஷ்டஈட்டுக்கு விசாரணை வைத்தார்கள். கம்பெனி தரப்பில் சாட்சி அம்சவள்ளி. மேனேஜர் தன் காரிலேயே கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலை பூவிழி வழக்கத்தைவிட அரைமணி முன்னாலேயே வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ஏன்டி இவ்ளோ சீக்கிரம்?"

"நீங்க விழுப்புரம் போவணுமாம் பெரிம்மா. ஒங்களுக்கு லேட்டாயிடக் கூடாதுன்னு அம்மா அனுப்பிச்சி."

அன்றைக்குப் பின்னல் கோணலாகப் போனது. இரண்டு தரம் அவிழ்த்துப் போட்டும் கோணலாகவே போனது.

விசாரணை நடந்தது ஒரு சின்ன அறையில். எதிர் நாற்காலியில் மலர்கொடி, மடியில் இடது கையை வலது கையால் மூடி வைத்திருந்தாள். விசாரித்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக் காகிதத்தைப் படித்தார், இது உன் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றாள் அம்சவள்ளி. அப்படியானால் அந்தப் பெண் தானாகத்தான் கழற்றினாளா என்று கேட்டார். மேனேஜர் தொண்டையைக் கனைத்தார்.

"கழட்டச் சொன்னது நாந்தாங்க," என்றாள் அம்சவள்ளி. "பெல்ட்டு அவ்ளோ வேகமா ஓடுச்சி. அத ஓட வச்சதும் நாந்தாங்க. நிறுத்தாம உட்டதும் நாந்தாங்க."

சொல்லிவிட்டு நிமிர முடியவில்லை. உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று எங்கேயோ கேட்டிருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இரண்டு பேருக்கு முன்னால் அசிங்கப்பட்டதுதான் மிச்சம். அந்த அம்மா எழுதிக்கொண்டே போனார், தீர்ப்பு பிறகு வரும் என்றார். வெளியே வந்தபோது மேனேஜரின் கார் போய்விட்டிருந்தது. நீலத் தொப்பியும் அந்தக் காரோடு போனது என்று அவளுக்குப் புரிந்தது.

பஸ் ஸ்டாண்டில் மலர்கொடி தூணோரம் நின்றிருந்தாள். அம்சவள்ளி பக்கத்தில் போய் நின்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல், நான் அப்பவே சொல்லியிருக்கணும்டி, எனக்குத் தோணல, என்று எதையோ உளறினாள்.

மலர்கொடி ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"என் தங்கச்சி எங்க வீட்லதான்க்கா இருக்கா. அவளுக்குப் பின்னத் தெரியாதா? ஆறு மாசமா தெனம் காலைல புள்ளய ஒன்கிட்ட அனுப்பினேனே, எதுக்குன்னு நெனச்ச?"

திண்டிவனம் பஸ் வந்தது. மலர்கொடி வலது கையால் கம்பியைப் பிடித்து முதலில் ஏறினாள், அம்சவள்ளி அவளுக்குப் பின்னால் ஏறினாள்.